மூன்று முறை சென்றும் வீடு பூட்டியிருந்தது

பொய் எழுதுவதற்கென்றே எங்கள் படிவத்தில் ஓர் இடம் இருந்தது. முதல் பக்கத்தின் மேல் மூலையில் சின்னதாக ஒரு கட்டம். ‘மூன்று முறை சென்றும் வீடு பூட்டியிருந்தது’ என்று அதற்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதில் ஒரு டிக் அடித்து, போன மூன்று நாளின் தேதியையும் நேரத்தையும் எழுதிவிட்டால் போதும், அந்த வீட்டை விட்டுவிட்டுப் பட்டியலில் இருக்கும் மாற்று வீட்டுக்குப் போகலாம். ஒன்றரை வருடம் அந்த வேலை பார்த்தேன். ஒரே ஒரு முறைதான் அந்தக் கட்டத்தில் பொய் எழுதினேன். அது என் அண்ணன் வீடு.

ஒரு கல்லூரி நடத்திய ஆய்வு அது. தாம்பரத்தைச் சுற்றியிருக்கும் பகுதிகளில் யார் குடிக்கிறார்கள், எந்த வயதில் தொடங்கினார்கள், அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ பழக்கம் இருந்ததா, எந்தக் கட்டத்தில் நிறுத்த முடியாமல் போகிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருந்த நேரம். வாய் கொஞ்சம் நீளம் என்பதால் இந்த வேலைக்குச் சரியாக இருப்பாய் என்று தோழி ஒருத்தி சேர்த்துவிட்டாள்.

விதிகள் நிறைய. ஒரு வாரம் முன்பே வேறு ஆட்கள் போய், இன்ன நாளில் வருவோம் என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிடுவார்கள். ஆணைத் தனியாகவும் பெண்ணைத் தனியாகவும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். சொந்தக்காரர் வீடு வந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லி வேறொருவரை அனுப்ப வேண்டும். காலையில் கண்விழித்ததும் குடிக்கிறவர், குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவர் என்று தெரிந்தால், கேள்விகள் முடிந்ததும் ஒரு மஞ்சள் தாளைக் கையில் கொடுத்து, அதன் இரண்டாவது வரியை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். ‘குடியைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்தாகலாம், மருத்துவரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்துங்கள்.’ எத்தனை வீட்டில் படித்திருப்பேன்! கடைசியில் தாளைப் பார்க்காமலே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

பெரும்பாக்கம் குடியிருப்பில் இந்த வேலை சுலபம். ஐந்தாவது மாடியில் ஒரு பெண், மீன் கழுவிக்கொண்டே எனக்குப் பதில் சொன்னாள். “இன்னாக்கா இப்டி கேட்டுகினு கீற? குடிக்காத ஆம்பள எந்த வூட்ல கீறான்னு கேளு, சீக்கிரம் முடிஞ்சிரும்.” அவள் புருஷன் எப்போதாவது நிறுத்திப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். “மாலை போட்டாக்கா நாப்பத்தெட்டு நாளு தொட மாட்டான். கயட்டுன அன்னிக்கே ஆரமிச்சிருவான்” என்றாள்.

சபரிமலைக்கு மாலை போடுவதைத்தான் சொன்னாள். படிவத்தில் ‘இதுவரை நிறுத்திய மிக நீண்ட காலம்’ என்று ஒரு கேள்வி உண்டு. பாதிப் பேர் நாற்பத்தெட்டு நாள் என்பார்கள். அவள் கணவன் இப்போதெல்லாம் காலையிலேயே குடிக்கிறான் என்றதும் மஞ்சள் தாளைக் கொடுத்தேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, இரண்டாவது வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். மாலை போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டிவிடு என்றும் சொன்னேன். நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன், அங்கே.

எங்கள் காலனிப் பக்கம் கதை வேறு. சேலையூரைத் தாண்டினால் மாதச் சம்பளக்காரர்கள், ஆசிரியர்கள், ரிட்டயர் ஆனவர்கள். கதவைப் பாதி திறந்து, “எங்க வீட்ல அந்தப் பழக்கமே கிடையாதும்மா” என்பார்கள். சொல்லும்போதே பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போவார். எழுதிக்கொள்வேன், பழக்கம் இல்லை. எனக்குச் சிரிப்பாக வரும். அந்தச் சிரிப்புக்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் யாரும் குடித்தது கிடையாது. அப்பாவுக்கு அல்சர். அல்சரிலேயே போய்ச் சேர்ந்தார். அடுத்து அண்ணனுக்கு அல்சர்.

அல்சர் என்பது அம்மா வைத்த பெயர். அண்ணன் திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் இரும்புப் பாகங்களை அளந்து பார்க்கும் வேலையில் இருந்தான். மயிரிழை பிசகாமல் அளக்க வேண்டும். கை நடுங்க ஆரம்பித்ததும் ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அம்மா அதைப் பிரமோஷன் என்று காலனி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். வருடா வருடம் மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் சுத்தமாக இருப்பான் என்பதுதான் அவள் கையிலிருந்த சாட்சி. “அடிமையா இருந்தா இப்படி இருக்க முடியுமா? நீ ஊர்ல உலகத்துல பார்த்ததை எல்லாம் இங்க கொண்டுவராதே” என்பாள். நானும் அதோடு வாயை மூடிக்கொள்வேன்.

ஐப்பசியில் ஒருநாள் புதுப் பட்டியல் வந்தது. அண்ணன் வீட்டுக் கதவு எண் அதில் இருந்தது.

அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தபடியே மனசுக்குள் அவனுக்கான படிவத்தை நிரப்பிவிட்டேன். அதற்கு அவனைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. முதலில் குடித்தது பதினேழு வயதில், மாமா கல்யாணத்தில். தந்தைக்குப் பழக்கம், உண்டு. வேலையில் பாதிப்பு, உண்டு. காலையில்? போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில், காலை எட்டு மணிக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வாய் நிறையக் கிராம்பு. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் வாய்க்குக் கொண்டுபோனான், அப்படியும் சட்டையில் சிந்தியது. போன வருடம் வரைக்கும் இது கிடையாது. நான் பார்க்காதது போல் திரும்பிக்கொண்டேன்.

சூப்பர்வைசரிடம் சொன்னால் என் இடத்தில் இன்னொருத்தியை அனுப்புவார். மத்தியானம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள். அவள் அண்ணன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து என் அப்பாவைப் பற்றிக் கேட்பாள். மறுநாள் என் டிபன் பாக்ஸுக்கு எதிரே உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஊறுகாய் கேட்பாள். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

கட்டத்தில் டிக் அடித்தேன். திங்கள் காலை 10.20. செவ்வாய் மாலை 4.40. புதன் காலை 11.05. நேரத்தை முழு எண்ணாக எழுதினால் சந்தேகம் வரும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது. மாற்று வீடு இரண்டு தெரு தள்ளி. அண்ணன் தெரு வழியே போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். வயதான தம்பதி, வெற்றிலைகூடப் போடாதவர்கள். எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’. ஆய்வின் கணக்கில் என் அண்ணன் இடத்தில் அந்தப் பெரியவர் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வாரம் அம்மா படப்பையில் சித்தி வீட்டில் இருந்தாள். அண்ணிதான் வற்புறுத்தி அனுப்பிவைத்தாளாம். மாமியாரை விரட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று போனில் அம்மா புலம்ப, நானும் கூடச் சேர்ந்து அண்ணியைத் திட்டினேன்.

கார்த்திகை முதல் தேதி அண்ணன் மாலை போட்டான். கோயிலுக்கு நானும் போயிருந்தேன். கறுப்பு வேட்டியும் சந்தனமுமாக அவனைப் பார்த்ததும் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அப்பாடா, இனி நாற்பத்தெட்டு நாளுக்குக் கவலையில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என் தோளில் வேலைப் பை தொங்கியது. பைக்குள் மஞ்சள் தாள்கள் ஒரு கட்டு. அந்த இரண்டாவது வரி எனக்கு நினைவுக்கே வரவில்லை. ஊரிலிருக்கிற குடிகாரர்களுக்குச் சொல்வதற்காக நான் மனப்பாடம் செய்த வரி அது. என் அண்ணன் குடிகாரன் இல்லையே, அல்சர்க்காரன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா போன் செய்தாள். “சாமி சுவத்துல எறும்பு எறும்பா போகுதுங்கறார். உடம்பெல்லாம் உதறுது. எனக்கென்னவோ அருள் வந்திருக்கோன்னு தோணுது.” மாலை போட்டதிலிருந்து மகனை அவள் சாமி என்றுதான் அழைத்தாள். ‘எறும்பு’ என்ற சொல்லைக் கேட்டதும்தான் என் மண்டையில் உறைத்தது. குடியைத் திடீரென்று விட்டவர்களுக்கு இல்லாத பூச்சியெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்று பயிற்சியில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் ஆட்டோவில் போய் இறங்குவதற்குள் அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. நாக்கைக் கடித்திருந்தான். அம்மா விபூதியைப் பூசிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, “குடிப்பாரா? கடைசியா எப்ப குடிச்சார்?”

“சாமி மாலை போட்டிருக்கார், டாக்டர். தொடறதே இல்ல” என்றாள் அம்மா.

நான் அம்மாவைப் பார்த்தேன். ஒன்றரை வருடமாக அதே கேள்வியைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள், பதில் சொல்ல வாய் வராமல் நின்றேன். அண்ணிதான் முன்னால் வந்தாள். “தினமும் குடிப்பார், டாக்டர். ஆறு மாசமா காலையில எழுந்ததுமே. இப்ப மூணு நாளா நிறுத்திட்டார்.” நர்ஸ் கத்தரிக்கோலால் மாலையை வெட்டி எடுத்து அம்மா கையில் கொடுத்தார். வெட்டாதீங்க, வெட்டாதீங்க என்று அம்மா அழுதாள்.

வலிப்பு வந்தபோது வாந்தி நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார்கள். இரண்டு நாள் மெஷினில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலை பத்து மணி வாக்கில் அண்ணன் இறந்துபோனான். நாற்பத்தாறு வயது. அல்சர் முற்றிவிட்டதாக அம்மா காலனியில் சொன்னாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, அண்ணி என்னை அறைக்குக் கூப்பிட்டாள். இறப்புச் சான்றிதழுக்காக எடுத்த காகிதங்கள் கட்டிலில் பரப்பிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள். எங்கள் சீட்டுத்தான். திங்கள் முதல் புதன் வரை வருவோம், பெண்களிடம் தனியாகப் பேசுவோம், சொல்வது வெளியே போகாது.

“உங்க ஆபீஸ்தானே இது? ஏன் யாருமே வரல?” என்றாள். “சொந்தக்காரங்க வீட்டுக்கு உன்னை அனுப்ப மாட்டாங்கன்னு நீதான் ஒருநாள் சொன்னே. அப்ப வேற யாராவது வருவாங்க, அவங்ககிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன். அத்தையைப் படப்பைக்கு அனுப்பினேன். மூணு நாளும் ஸ்கூலுக்கு லீவு போட்டேன். கேட் திறக்கிற சத்தம் கேக்காம போயிடப்போகுதுன்னு வாசக்கதவைத் திறந்து வச்சுட்டு ஹால்லயே உக்காந்திருந்தேன்.”

“வீடு பூட்டியிருந்ததுன்னு எழுதிட்டேன், அண்ணி. நான்தான் எழுதினேன்.”

அடிப்பாள், கத்துவாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். “வந்திருந்தா என்ன கேட்டிருப்பே? கேளு.”

“வேண்டாம், அண்ணி.”

“கேளுன்னு சொல்றேன்.”

கேட்டேன். படிவம் இல்லாமல் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். எந்த வயதில், எவ்வளவு, எங்கே ஒளித்து வைப்பார், வீட்டில் கை ஓங்கியதுண்டா. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதே குரலில், நிறுத்தி நிதானமாக, ஒன்று விடாமல் பதில் சொன்னாள். காலையில் குடிப்பாரா என்றேன். ஆமாம். கை நடுங்குமா என்றேன். ஆமாம், சட்டைப் பட்டன் நான்தான் போட்டுவிடுவேன் என்றாள்.

“அவ்வளவுதானா?” என்று கேட்டாள். “இதுக்கப்புறம் என்ன செய்வீங்க?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்னொரு பொய் எனக்கு வரவில்லை. பையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது வரியை நான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். முடியவில்லை. அவளே படித்தாள். விரலை வரிக்குக் கீழே வைத்து இரண்டு முறை படித்தாள். கதவுக்கு வெளியே அம்மா அண்ணனின் மாலையைத் துணியில் சுற்றி எங்கே வைப்பது என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணி தாளை நான்காக மடித்து என் பைக்குள்ளேயே திரும்ப வைத்து ஜிப்பை மூடினாள்.

“அத்தைகிட்ட இதைக் காட்டிடாதே” என்றாள். “மாலை போடச் சொன்னது அவங்க. தாங்க மாட்டாங்க.”