தேர்வு வாசலில் கிடைத்த துணை

என் மகள் நிஷாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் தேர்வு. நாங்கள் குடியிருக்கும் டெலானிபூரிலிருந்து ஆட்டோவில் வந்து பள்ளி வாசலில் இறங்கியதும் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். "அம்மா, எல்லாம் மறந்துபோச்சு. நான் உள்ள போகல" என்று அழுதாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தன் மகனை உள்ளே அனுப்பிவிட்டு நின்ற ஒரு வங்காளிப் பெண்மணி, "பேட்டா, குச் காயா?" என்று, ஏதாவது சாப்பிட்டாயா என இந்தியில் கேட்டபடி வந்தார். சரியான தூக்கமில்லை, காலையில் சாப்பிடவும் இல்லை என்றேன். வாழைப்பழம் கொடுத்து நிழலில் உட்காரவைத்தார். தேர்வுப் பேச்சே எடுக்காமல், தன் வீட்டு ஆட்டுக்குட்டியின் சேட்டைகளைச் சொன்னார். நிஷா சிரித்தேவிட்டாள். மணியடித்ததும் தானாக எழுந்து போனாள், நன்றாகவே எழுதினாள்.

அந்தப் புண்ணியவதியின் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது இளையவனுக்குத் தேர்வு. நேரத்தோடு தூங்கவைக்கிறேன், சாப்பிடாமல் அனுப்புவதில்லை. வாசலில் அழுத முகத்தோடு எந்தப் பிள்ளை நின்றாலும், நானே போய்ப் பேச்சுக் கொடுக்கிறேன்.