ஆங்கிலக் கிராமத்து மடத்தில் ஒரு ‘போட்டு வாறன்’

ஒஸ்லோவில், புருசெத் பக்கத்து எங்கள் மாடிக்கட்டட லிஃப்டிலிருந்து இறங்கும் நோர்வேக்காரர் ‘ஹா தெ’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அதை வைத்திரு’ என்று வரும். எதை வைத்திருக்கச் சொல்கிறார்கள் என்று வந்த புதிதில் என் வெறுங்கையைப் பார்த்திருக்கிறேன். நானும் சளைத்தவனில்லை. ‘போய்விட்டு வருகிறேன்’ என்று விடைபெறும் எங்கள் ஊர்ப் ‘போட்டு வாறன்’ என்பதை அப்படியே நோர்வே மொழியில் மாற்றிச் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரர் நான் திரும்பி வருவேன் என்று லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார், பாவம்.

அந்த லிஃப்டடியில்தான் என் அண்ணையும் விடைபெற்றார். ஒரே கட்டடத்தில் அவர் ஐந்தாம் மாடி, நாங்கள் இரண்டாம் மாடி. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு வீட்டுச் சட்டியும் ஒரே மேசைக்கு வரும். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று, அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பலர் இங்கிலாந்துக்குக் கிளம்பியதுபோல அவரும் கிளம்பினார். பெட்டிகளை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்து, “அப்ப, போறன்” என்றார். எங்கள் ஊரில் செத்தவீட்டில்தான் ‘வாறன்’ சொல்லாமல் எழும்பிப் போவார்கள். அந்த ஒற்றைச் சொல் என் நெஞ்சில் மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டு கிடந்தது. என் உறவை அறுத்துவிட்டுத்தான் போனாரோ?

மூன்று வருசம் கழித்து, “சாந்தியையும் கூட்டிக்கொண்டு வா, ஒரு நல்ல இடத்திலை அறை எடுத்திருக்கிறன்” என்று ஃபோனில் கூப்பிட்டார். என் மனைவி சாந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. “சொந்தத் தம்பியை மடத்திலை தங்க வைக்கிறாரோ உங்கடை அண்ணர்? வீட்டிலை ஒரு பாய் விரிக்க இடமில்லையாமோ?” எனக்கும் அதே கேள்விதான்.

விமான நிலையத்திலிருந்து ஒரு மணித்தியாலம் ஓடி, ஒரு கிராமத்துத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் அண்ணை காரை நிறுத்தினார். அண்ணிக்கு வேலை; தனியாகத்தான் வந்திருந்தார். பழங்காலத்து விடுதி. கீழே குடிக்கவும் சாப்பிடவும் இடம், மேலே நாலைந்து அறை. வாசலுக்குள் நுழையவே உத்தரத்தில் என் தலை இடித்தது. நிலம் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. கணப்படுப்புக்கு முன்னால் ஒரு கிழட்டு நாய், நாங்கள் வந்ததைக் கண்டும் காணாததுபோலப் படுத்திருந்தது. விடுதிக்கார மனுசி என்னைப் பார்த்து, “ஆர் யூ ஆல்ரைட், லவ்?” என்றாள். “லவ்வாம்!” என்று சாந்தி முழங்கையால் இடித்தாள். “ஒஸ்லோவிலை இத்தினை வருசமா உங்களை ஒருத்தரும் இப்பிடிக் கூப்பிடேல்லை.”

சாப்பாடு வந்தது. கொத்திய ஆட்டிறைச்சிக்கு மேல் மசித்த உருளைக்கிழங்கை மெழுகிச் சுட்டிருந்தார்கள். அண்ணை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்து மேசைக்குக் கீழால் என்னிடம் நீட்டினார். வெள்ளிக்கிழமை மேசை திரும்பி வந்துவிட்டது. அந்தத் துணிவில்தான் கேட்டேன்.

“ஏன் அண்ணை, வீட்டிலை இடமில்லையோ?”

“இல்லையடா. ரெண்டு குடும்பம் ஒரு வீட்டிலை இருக்கிறம். நான் ஹோலிலை படுக்கிறன். நீ வந்து அதைப் பார்க்கவேணுமே?”

சாந்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அண்டைக்கு லிஃப்டடியிலை ‘போறன்’ எண்டனீங்கள்.”

அவர் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஊரிலையிருந்து வெளிக்கிடேக்கை அம்மாவுக்குப் போட்டு வாறன் எண்டுதான் சொன்னனான். மனுசி கடைசி மட்டும் நம்பிக்கொண்டு இருந்தவ. அதுக்குப் பிறகு அந்தச் சொல்லை ஒருத்தருக்கும் சொல்ல வாய் வரேல்லையடா.”

நாய் எழும்பி வந்து அவருடைய சப்பாத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டது.

ஒரு இரவுதான். காலையில் எங்களை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வந்த அண்ணை, அறைத் திறப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது விடுதிக்காரியிடம் தன் பாட்டில் சொன்னார்: “வீ கோ அண்ட் கம்.”

“லவ்லி! இரவுக்கு அதே மேசைதானே? மூன்று பேர்?” என்று சொல்லிக்கொண்டே அவள் போய், நெருப்படி மேசையில் ‘ஒதுக்கப்பட்டது’ என்ற அட்டையை வைத்துவிட்டாள். நானும் சாந்தியும் சிரிப்பை அடக்கமுடியாமல் காருக்கு ஓடினோம். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. தன் வாயிலிருந்து என்ன வந்ததென்று அவருக்கு அப்போதுதான் உறைத்ததாக்கும். விமான நிலையத்தில் நான் “போட்டு வாறன் அண்ணை” என்றேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

இரவு புருசெத் வீட்டுக் குசினியில் நின்று ஃபோன் எடுத்தேன். “வந்து சேர்ந்திட்டம். அந்த மனுசிக்கு நாங்கள் வரமாட்டம் எண்டு சொன்னனீங்களே?”

ஃபோனுக்குள் ஆட்களின் இரைச்சலும் கரண்டிச் சத்தமும் கேட்டன.

“எங்கை அண்ணை நிக்கிறியள்?”

“திரும்பி வந்திட்டனடா. சொன்னால் வரத்தானே வேணும். மூண்டு தட்டும் வைச்சிருக்கிறா.”

சாந்தி அடுப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எங்கடை ரெண்டு தட்டையும் எடுத்திட்டாவோ?”

“எடுக்க வந்தவ,” என்றார் அண்ணை. “நான் விடேல்லை.”