கிராஃப்ட் தேடிய மாப்பிள்ளை

அக்காவைப் பார்க்க வந்த மெல்போர்ன் மாப்பிள்ளை குடிப்பாரா என்று துப்பறியும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நாட்டில் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும். வெளிநாட்டு மாப்பிள்ளைமார் பயமில்லாமல் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு முப்பத்தி நாலு. "குடிகாரன் மட்டும் வேணாம். ஆளோட ஒரு நாள் திரிஞ்சு பார்த்திட்டு வந்து சொல்லு," என்றார் அம்மா. அப்பாவைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர்.

துப்பறிய எனக்கு வேலையே இருக்கவில்லை. சிலாபத்தில் எங்கள் வாசலில் காரை நிறுத்திய மனுஷன், நான் ஏறி பெல்ட் போட முன்னமே கேட்டார்: "தம்பி, இந்தப் பக்கம் நல்ல கிராஃப்ட் பியர் எங்க கிடைக்கும்?"

பெரிய கொம்பனி காய்ச்சினால் அது வெறும் பியராம். தாடி வைத்த நாலு பேர் ஒரு கொட்டிலுக்குள் காய்ச்சினால் கிராஃப்டாம். எங்கள் ஊரில் கொட்டிலுக்குள் காய்ச்சுகிறவர்களைப் பொலிஸ் பிடிக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் நல்ல பார் தேடுவாராம், அதற்கு விதிகளும் வைத்திருந்தார். ஹோட்டல்காரனைக் கேட்கக் கூடாது, ஊர்க்காரனைத்தான் கேட்க வேண்டும். விறைக்க விறைக்கக் குளிரவைத்துத் தருகிற இடத்துக்குள் காலே வைக்கக் கூடாது. கம்பி வலைக்குள் கையை விட்டுப் போத்தல் வாங்கும் எங்கள் வைன் ஸ்டோர்ஸைக் காட்டினேன். அட்மொஸ்பியர் இல்லை என்றார். உண்மைதான், மூத்திர நாற்றம் மட்டும்தான் இருந்தது.

வெள்ளைக்காரர் வருகிற கடற்கரையென்று காரைக் கற்பிட்டிக்கு விட்டோம். வழியில் முந்தலில் தொடங்கிய பியர்ப் பாடம் பாலாவிச் சந்தியில் திரும்பியும் முடியவில்லை. கற்பிட்டியில் பள்ளிவாசலைக் கண்டதும், "இதில நிண்டு பியர் எண்டு மட்டும் வாயெடுக்காதீங்க அண்ணா," என்றேன். ஆள் சொல்வழி கேட்டார். கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையிலேயே, "நானா, இங்க நல்ல கிராஃப்ட் எங்க இருக்கு?" என்றார்.

"எத்தன அடி வேணும்?"

மீன்பிடிக் கந்தோர்க் கடதாசிகளில் படகுக்குப் பெயர் கிராஃப்ட். எனக்கு அது தெரியும். இவ்வளவு தூரம் பாடம் கேட்டவனுக்கு இதாவது கிடைக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"சின்னன் எண்டாலும் பரவாயில்ல. இங்கயே செஞ்சதா இருக்கோணும்," என்றார் மாப்பிள்ளை. ஊர்க்காரனைக் கேட்டால் எப்படி என்று என்னை ஒரு பார்வை வேறு பார்த்தார்.

"அப்ப வாங்க. பதினெட்டடி ஒண்டு நிக்கிது. நம்பரும் எடுத்தாச்சி."

நீலப் படகொன்றின் விலாவில் தட்டி, நாற்பது குதிரை எஞ்சின் தாங்கும் என்று அந்த மனுஷன் விளக்க, மாப்பிள்ளையின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கடைசியில் காற்றாடி கட்டிக் கடலில் சறுக்குகிறவர்கள் தங்கும் ஹோட்டலொன்றில் கிடைத்தது, ஒரேயொரு போத்தல். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், மணந்தார், இரண்டு மிடறு குடித்தார். பிறகு தோடம்பழத் தோல், ஈரமண், கடைசியில் மெல்லிய கசப்பு என்று போனில் நெடுக எழுதினார். கார் ஓட்ட வேண்டுமென்று மிச்சத்தைத் தள்ளி வைத்தார். வீணாகப் போகக் கூடாதென்று நான் குடித்தேன்.

"குடிக்கிறவரோ?" அம்மா படலையிலேயே பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா. மணந்து பார்க்கிறவர்."

"அப்ப இந்த மணம் எங்கயிருந்து வருது?" என்று எனக்கு நல்ல கிழி விழுந்தது. ஆனாலும் அம்மாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. உடனே சாமியறைக்குப் போய் விளக்கேற்றினார்.

அக்கா உள்ளே அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குச் சேலை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"குடிக்கிறத விடு. என்னைப் பற்றி என்ன கேட்டவர்?"

நான் யோசித்தேன். கள்ளு எத்தனை மணித்தியாலத்தில் புளிக்கும் என்று கேட்டார். சிலாபத்துத் தண்ணீர் உப்பா என்று கேட்டார். படகுக்கு ஏன் கிராஃப்ட் என்று பெயர் வைத்தார்கள் என்று திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டார்.

"ஆறுதலா யோசிச்சுச் சொல்லு," என்றாள் அக்கா. அயர்னின் வயரைக் கழற்றினாள். "போகவர ஒரு முழுப் பகல், என்ன?"

எனக்குச் சரியான வெட்கமாக இருந்தது. அவளைப் பற்றி நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.