அப்பக்கார அக்காவின் கறுப்பு நூல்

என் வலது மணிக்கட்டில் கிடக்கும் கறுப்பு நூல் அப்பக்கார அக்காவினுடையது. பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் ஒன்றாக வேலை செய்தோம். நான் மரக்கறி வெட்டுகிறவள். அக்கா காலைச் சாப்பாட்டு நேரத்தில் விருந்தினர் கண்முன்னே அப்பம் சுடுகிறவர். மாவை ஊற்றிச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி ஒரு சுழற்று. ஓரம் மெல்லிசாக எழும்பி நிற்கும். வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டை மறந்து அந்தக் கைகளைப் படம் பிடிப்பார்கள்.

ஒரு மாரி முடிவில் அந்தக் கைகளில் நோவு பிடித்தது. தோள், தொடை எல்லாம் உரலில் போட்டு இடித்த மாதிரி என்பார். சட்டி பாதிச் சுழற்றில் நின்றுவிடும். அப்பம் ஒரு பக்கம் தடித்துப் போகும். லீவில் நின்று சுகப்படுத்திக்கொண்டு வரட்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று மனேஜர் சொல்லிவிட்டார். புருஷனை இழந்த அக்காவுக்கு அந்த அடுப்புத்தான் சீவியம். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

அக்காவுக்கோ காரணத்தில் சந்தேகமே இல்லை. "இவ்வளவு பேர் படம் எடுத்தாக் கண்ணூறு படாமக் கிடக்குமா, புள்ள?" நூல் மந்திரித்துக் கட்டிக்கொண்டு வாகரையில் தங்கை வீட்டுக்குப் போனார். நோவு விட்டது. சிரித்தபடி திரும்பி வந்தவருக்குக் கொஞ்ச நாளில் மறுபடி அதே நோவு. "பாத்தியா, அங்க ஒருத்தரும் என்னைப் படம் எடுக்கல்ல" என்றார். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

எனக்கு வாய் சும்மா கிடக்காது. அங்கே என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று துளைத்தேன். பேச்சோடு பேச்சாக வந்தது: நோவுக்குக் கொஞ்சம் முன்னர் கிளினிக்கில் இரத்தக் கொழுப்பைக் குறைக்கப் புதிதாகக் கொடுத்த குளிசையை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார்; திரும்பி வந்ததும் மறுபடி விழுங்கத் தொடங்கியிருக்கிறார்.

"அக்கா, இதை டொக்டரிட்டச் சொல்லுங்க."

"கொழுப்புக்குத் தாற குளிசை கையை என்ன கா செய்யும்?"

இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் ஏசவில்லை. இரத்தம் சோதித்தார். சிலருக்கு அந்தக் குளிசை தசையில் நோவு தரும் என்றார். அதை நிறுத்தி, நோவு தணிந்த பிறகு வேறொன்றைக் குறைந்த அளவில் எழுதினார். சட்டி பழையபடி முழுச் சுற்றுச் சுழன்றது; மனேஜர் வேறு ஆள் பேச்சையே விட்டுவிட்டார்.

பல வருடம் கழித்து, தன் விருப்பத்தில் வேலையை விட்ட நாளில், அக்கா நூலைக் கழற்றி என் கையில் கட்டினார். "குளிசைதான் எண்டு டொக்டர் சொன்னார், ஓம். ஆனா அவரிட்ட என்னக் கொண்டுபோனது உன்ட வாய். அதுக்குக் கண்ணூறு படப்படாது."

இப்போது எனக்கும் கொழுப்புக் குளிசை. போன கிழமை கெண்டைக்காலில் நோவு தொடங்கியது. கண்ணூறு என்று சொல்ல வழியில்லை. அக்காவின் நூல்தான் கையில் கிடக்கிறதே. அதனால் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன், டொக்டரிடம் வாயைத் திறப்பதற்கு.