பிரேக் வேலை மட்டும்

காரை ஓட வெக்கிறவனுக்கு சால்வை போடுவாங்க, நிறுத்தி வெக்கிறவளுக்குத் திட்டுதான் கெடைக்கும். பிரேக் தொழிலோட லட்சணம் இவ்ளோதான்.

சிப்காட்டுல பிரேக் பேடு செய்ற கம்பெனி ஒண்ணுல பதினோரு வருசம் டெஸ்டிங்ல நின்னவ நான். பேடுன்னா பெரிய சமாச்சாரம் ஒண்ணுமில்ல. சக்கரத்தோட சேந்து சுத்துற டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்விப் புடிக்கிற கட்டை. அதைச் சூடேத்திச் சூடேத்தி, எப்போ புடிக்காம போவுதுன்னு பாக்கறதுதான் என் வேலை. அப்புறம் கவரைப்பேட்டைப் பக்கம் ஜிஎன்டி ரோட்டோரமா சொந்தமா ஒரு ஷெட்டு போட்டேன். கூட மஸ்தான் பாய். கையில ஸ்பேனர் இருந்தா வாயே தொறக்கமாட்டாரு. 'பிரேக் வேலை மட்டும்'னு கொட்டை எழுத்துல போர்டு வெச்சிருக்கேன். அந்த போர்டுக்குக் கீழயே வண்டிய நிறுத்தி, "பஞ்சர் போடுவீங்களா?"ன்னு கேப்பாங்க. கடை வெச்சிருக்கிறவங்க, மெக்கானிக்குங்க, கஸ்டமர்கிட்ட வாங்கிக் கட்டிக்கினவங்க எல்லாரும் இப்பிடி வந்து ஒக்காருங்க. உங்க கதையும் இதான்.

சக்கரம் கத்துச்சு

டில்லிபாபு எங்க பக்கத்து ஊரு. நெல்லு வெளையற நெலம் இன்னும் இருக்குது. ரோட்டோரமா இருந்ததை மட்டும் குடோனுக்கு வாடகைக்கு உட்டு, செகண்ட் ஹாண்டுல ஒரு செகப்பு ஜெர்மன் காரு வாங்குனான். ஆக்சிலேட்டரை மிதிச்சா முதுகு போய் சீட்டுல ஒட்டிக்கும். வாங்குன ரெண்டாவது மாசமே அதை டிராக்டர்ல கட்டி என் ஷெட்டுக்கு இழுத்துக்கினு வந்தான். முன்னாடி பம்பர்ல பச்சப்பசேல்னு நாத்து சொருகிக்கினு இருந்துச்சு.

விசாரிச்சா, நாலு நாளா சக்கரம் கீச்சுகீச்சுன்னு கத்தியிருக்குது. பேடு தேஞ்சா கத்தும். 'என்னை மாத்துடா'ன்னு அது நம்மளைக் கூப்புடுற சத்தம். ஆனா டில்லியோட அப்பா மாட்டு வண்டி ஓட்டுனவரு. ஊர்ல எல்லாரும் அவரை நைனான்னுதான் கூப்புடுவாங்க. சக்கரம் கத்துனா மை போடணும்னு அவருக்குத் தெரியும். மகன் தூங்குற நேரமா பாத்து, டிராக்டருக்கு வெச்சிருந்த கிரீஸை வெரலால எடுத்து நாலு டிஸ்க்குலயும் பாந்தமா தடவி உட்டுட்டாரு. காலைல டில்லி வண்டிய எடுத்தான், வளைவுல பிரேக்கை மிதிச்சான், காரு நேரா போய் நடவு வயல்ல ஒக்காந்துக்கிச்சு. நல்லகாலம், சேறு மட்டும்தான், யாருக்கும் அடி இல்ல.

"நைனா, வண்டிச் சக்கரம் சுத்தணும், அதுக்கு மை போடலாம். இது நிக்கறதுக்கு இருக்குது, இதுக்குப் போய் மை போட்டா எப்பிடி?"ன்னு கேட்டேன். டீ வாங்கியாந்து நீட்டுனேன். இப்பதான் குடிச்சேன்னு ஷெட்டுக்கு வெளியிலயே நின்னுக்கினாரு. எங்கப்பா அவர் நெலத்துல கூலி வேலை செஞ்சவரு, அவரை எசமான்ற அர்த்தத்துல 'ஆண்டே'ன்னு கூப்புடுவாரு. நான் நைனான்னு கூப்புடுறேன். அந்த வித்தியாசம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிரீஸைத் தொடச்சு, பேடெல்லாம் புதுசா மாட்டி வண்டிய வெளிய எடுக்கறப்ப, நைனா என்னைக் கூப்புட்டுக் கேட்டாரு: "மை போட்டப்புறம் சத்தம் நின்னுச்சா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல."

ஒரு கேன் தண்ணி

சிப்காட்டுல ஷிப்ட் இன்சினியரா இருக்கிற தம்பி ஒருத்தன், ஞாயித்துக்கெழமை காலைல டர்போ காரை எடுத்துக்கினு பார்டர் தாண்டி தடா ஊரு வரைக்கும் போய், நாஷ்டா துன்னுட்டு திரும்புவான். சும்மா போனா பரவால்ல. ஒரே அழுத்து, அப்புறம் ஒரே பிரேக்கு, திரும்ப அழுத்து. இப்பிடியே போனா பேடு சூடாவாம இன்னா பண்ணும்? ரொம்ப சூடானா அதுக்குப் புடிக்கிற சத்து போயிடும். மிதிக்கிறவன் மிதிச்சிக்கினே இருப்பான், வண்டி அதுபாட்டுக்குப் போய்க்கினே இருக்கும். அவனுக்கும் அதான் ஆயிருக்குது. கருகுன வாசனை வந்துச்சாம், பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிக்கலியாம். நம்மாளு பயந்துபோய், எப்பிடியோ டீக்கடையாண்ட ஓரங்கட்டி, கடைக்காரரோட தண்ணி கேனைத் தூக்கி அப்பிடியே நாலு சக்கரத்துலயும் ஊத்திட்டான். டிஸ்க்கு கோணிக்கிச்சு. திங்கக்கெழமை வந்தான், ஸ்டியரிங்கு சாமி வந்த மாதிரி ஆடுது. "ஏம்பா, காஞ்சிக்கினு இருக்கிற தோசக்கல்லுல ஒரு கொடம் தண்ணி ஊத்துவியா உங்க ஊட்ல? மெதுவா ஓட்டிக்கினு போனா காத்துலயே ஆறியிருக்குமே"ன்னு தலையில அடிச்சிக்கினேன். பி.இ. படிச்ச புள்ள, கூச்சமே இல்லாம சொல்லுது: "ஸ்டியரிங்குதானக்கா ஆடுது, வண்டி நிக்குதில்ல?"

ஸ்டிக்கருக்குக் கீழ

கிரீஸ் கதை நடந்து ரெண்டு வருசம் கழிச்சு, போன ஆடி மாசம், டில்லியோட சம்சாரம் புவனா அந்தச் செகப்பு காரை ஓட்டிக்கினு வந்தா. பக்கத்து சீட்ல டில்லி, பின்னாடி நைனா. "அக்கா, பெடலு முன்ன மாதிரி இல்ல, ஆழமா போவுது. இவரு கேக்க மாட்டேன்றாரு"ன்னா. உள்ள ஒக்காந்து பாத்தேன். மீட்டர் போர்டுல ஒரு ஓரமா பெரியபாளையத்து ஆத்தா ஸ்டிக்கர். கும்புட்டுக்கினு, மெதுவா நகத்தால ஓரத்தைத் தூக்குனேன். கீழ செக்கச்செவேல்னு பிரேக் லைட்டு எரிஞ்சிக்கினு இருக்குது!

"எத்தினி நாளாடா?"ன்னேன். ரெண்டு மாசமாச்சாம். ஓட்டறப்ப கண்ணை உறுத்துதுன்னு மேல ஒட்டிட்டானாம். "வேணும்னா எங்க மாதா படம் ஒண்ணு தரேன், அதையும் ஒட்டிக்கோ, இன்னும் நல்லா மறையும்"ன்னேன். புவனா சிரிச்சுட்டா. டில்லிக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. இந்த வண்டிக்குப் பேடு மெட்ராஸ்லேர்ந்து வரணும், நாலு நாள் ஆவும், வண்டிய உட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன். அதுக்கு அவன் சொன்னான்: "நாளைக்குக் காலைல திருப்பதிக்கா, பாப்பாக்கு மொட்ட, காது குத்து. போய்ட்டு வந்து மாத்திக்கலாம், ஆத்தா பாத்துப்பா."

சாவியும் சக்கரமும்

திருப்பதின்னா மலையாச்சே. மேல ஏறுறதுக்கு இஞ்சின் இருந்தா போதும். மலை எறங்கறப்பதான் பிரேக்கோட ஜாதகம் தெரியும். வளைவுக்கு வளைவு மிதிக்கணும், சூடு ஏறிக்கினே போவும், தேஞ்ச பேடு அந்தச் சூட்டைத் தாங்காது. வண்டில நாலு பேரு, அதுல ஒண்ணு ரெண்டு வயசுக் கொழந்த. சாவிய எடுத்து என் டிபன் பாக்ஸுக்குள்ள போட்டு மூடிட்டேன். டில்லி முறைச்சான். "ஊட்ல இன்னொரு சாவி இருக்குதுக்கா, எடுத்தாரேன்"னு கெளம்பிட்டான். நான் மஸ்தான் பாயைப் பாத்தேன். அவரு ஜாக்கிய உருட்டிக்கினு போய், முன் சக்கரம் ரெண்டையும் கழட்டி, வண்டியக் கட்டை மேல ஒக்கார வெச்சிட்டாரு.

சக்கரத்தைக் கழட்டுனாதான் உள்பக்கத்துப் பேடு தெரியும். வெளிப்பக்கம் கொஞ்சமாச்சும் மிச்சம் இருந்துச்சு. உள்பக்கம் இடதுல ஒண்ணு வழவழன்னு கருகி, பாதி பேந்து, இரும்புதான் நிக்குது. டில்லி திரும்பி வந்து அதைக் கையில வாங்கிப் பாத்தான். கையிலிருந்த சாவியப் பாக்கெட்டுல போட்டுக்கினான். ஆனா நைனாவுக்கு ஏறிக்கிச்சு. மெதுவா போனா போதும், நேரம் குறிச்சாச்சு, சாமி காரியத்தை நிறுத்தறதுக்கு இவ யாருன்னாரு. அப்புறம் என்னைப் பாத்து, "உங்கப்பன் எங்க களத்துல நின்னு எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல. நீ எங்க வண்டி சக்கரத்தையே கழட்டுற"ன்னாரு.

பொய் சொல்லக்கூடாது, நெஞ்சு சுருக்குன்னுச்சு. கோவமும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. துணிய எடுத்துக் கையத் தொடச்சிக்கினேன். "ஆமா நைனா, எங்கப்பா பேசமாட்டாரு. இந்த வண்டில உங்க பேத்தி மலை எறங்கப்போறா, அதனால நான் பேசறேன். சாமி காரியத்தை நான் நிறுத்தல. என் வண்டில போங்க"ன்னேன். என்னுது பழைய டீசல் காரு, கதவைச் சாத்துனா ஊருக்கே கேக்கும். ஆனா நாலு சக்கரத்துக்கும் பேடு நானே பாத்துப் போட்டது. டில்லிக்குப் படிச்சுப் படிச்சு சொன்னேன்: எறங்கறப்ப ரெண்டாவது கியரு, பிரேக்கை மிதிச்சே வெச்சிக்கினு இருக்காத, உட்டு உட்டு மிதி. புவனா ஏற்கெனவே செகப்பு கார்லேர்ந்து பாப்பாவோட சீட்டைக் கழட்டி என் கார்ல மாட்டிக்கினு இருந்தா. நைனா கடைசியா ஏறுனாரு. கதவைச் சாத்த மூணு தடவ ஆச்சு. மூணாவது தடவ கண்ணாடிய எறக்கிச் சொன்னாரு: "இந்த டப்பா வழியில எங்கனா நின்னுச்சு, உன்னைப் பேசிக்கிறேன்."

திரும்பி வந்தாங்க

ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல. அவங்க வண்டியப் புடுங்கி வெச்சிக்கினு என் வண்டியத் தலையில கட்டி அனுப்பிட்டோமே, இதுல எதுனா ஆச்சுன்னா? நானே மாட்டுன பேடை நானே சந்தேகப்பட்டேன். போன் பண்ணா டில்லி எடுக்கல. மஸ்தான் பாய் அவரு பங்குக்குத் தொழுதாரு, நான் என் பங்குக்கு ஜெபம் பண்ணேன். மலை மேல இருக்கிறவரையும் சேத்துக் கேட்டுக்கினேன், எதுக்கு வம்பு.

மூணாம் நாள் மத்தியானம் என் டீசல் காரு கடகடன்னு வந்து நின்னுச்சு. கதவுச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. புவனா தோள்ல பாப்பா, மொட்டைத் தலையில சந்தனம், காதுல சின்னதா தங்கப் பொட்டு. எறங்கறப்ப பூரா தூங்கிக்கினே வந்துச்சாம். நான் டில்லிகிட்ட துருவித்துருவி கேட்டேன். வாசனை வந்துச்சா? இல்லக்கா. பெடலு ஆழமா போச்சா? இல்லக்கா. எதுனா ஒரு வளைவுல? ஒண்ணும் ஆவலக்கா.

நைனா ஷெட்டுக்குள்ள வந்தாரு. இதுநாள் வரைக்கும் வாசலைத் தாண்டாத மனுசன், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒக்காந்து, லட்டு பொட்டலத்தை என் கையில குடுத்துட்டு, "டீ இல்லியா?"ன்னாரு. மஸ்தான் பாய் ஓடிப்போய் வாங்கியாந்தாரு. நைனா டீயை உறிஞ்சிக்கினே அந்தக் கருகுன பேடை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பாத்தாரு, கீழ வெச்சாரு, கட்டை மேல நிக்கிற செகப்பு காரைப் பாத்தாரு. தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு உள்ளுக்குள்ள நான் ஆசையா காத்துக்கினு இருந்தேன். கிளாஸைக் காலி பண்ணி வெச்சுட்டுச் சொன்னாரு: "வழியில ஒண்ணுமே ஆவலியே ஸ்டெல்லா, இதுக்கா இவ்ளோ ஆட்டம் ஆடுன?"

'ஒண்ணுமே ஆவலியே'ன்னு ஒருத்தர் உயிரோட திரும்பி வந்து நம்மளைத் திட்டறாருன்னா, அதுக்கு மேல பிரேக் மெக்கானிக்குக்கு வேற இன்னா சர்டிபிகேட்டு வேணும், சொல்லுங்க!