சுவிட்சுப் பக்கத்தில் நிற்கவேண்டிய ஆள்

கண்டிக்குக் கிட்ட, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலை ஸ்டோரில் பதினோரு வருடம் வேலை செய்தேன். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தொழிற்சாலையை. கடைசி நான்கு வருடம் சங்கத்தின் தோட்டத் தலைவரும் நான்தான். எனக்குக் கடிதம் எழுத வரும் என்பதால் தெரிவு செய்தார்கள்.

வதங்கிய கொழுந்தைத் திருகி நசுக்கும் மெஷினில் இரண்டு பேருக்கு வேலை. ஒருவர் கொழுந்தை உள்ளே தள்ளவேண்டும். மற்றவர் நசுங்கி வருவதை அள்ளவேண்டும். மெஷின் அடைத்துக்கொண்டால் அள்ளுகிறவர் போய்ச் சுவரிலுள்ள சுவிட்சை அமர்த்தி மெஷினை நிறுத்திவிட்டு, கை வெளியே வரும்வரை அந்த இடத்தை விட்டு அசையாமல் நிற்கவேண்டும். தள்ளுகிற வேலை ஒரு பெண்ணுக்கு. கெட்டிக்காரி. அள்ளுகிற வேலை எங்கள் சங்கத்து ஆள் ஒருவனுக்கு.

அவன் ஒருநாளும் வேலைக்கு வராமல் இருந்ததில்லை. வந்து பேர் போட்டதும் காணாமல் போய்விடுவான். விறகு அடுக்கும் அறையான விறகுக் காம்பராவுக்குப் பின்னால் போனும் கையுமாக இருப்பான், இல்லாவிட்டால் சாக்கு அடுக்கின் மேல் படுத்திருப்பான். அந்தப் பெண் தள்ளுவாள், ஓடிவந்து அள்ளுவாள், மறுபடி தள்ளுவாள்.

ஆனால் அவனைச் சோம்பேறி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் குழி வெட்ட மண்வெட்டியோடு முதலில் நிற்பது அவன்தான். சம்பளப் போராட்டத்தில் ரோட்டில் உட்கார்ந்தபோது முன்வரிசையில் இருந்து பொலிஸ் அடி வாங்கினான். தன் வேலையைத் தவிர மற்ற எல்லா வேலையும் செய்வான். வரிசை வீடுகள் உள்ள ஒரு லயம் முழுக்க அவனுடைய சொந்தக்காரர்கள். அவனைப் பகைத்தால் அத்தனை பேரும் அடுத்த சங்கத்துக்குப் போய்விடுவார்கள் என்பது எனக்கும் தெரியும், கண்டியில் இருந்த எங்கள் சங்கக் காரியாலயத்துக்கும் தெரியும்.

ஒருநாள் அந்தப் பெண் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். தன்னால் முடியவில்லை, டீமேக்கரிடம் சொல்லப் போகிறேன் என்றாள். டீமேக்கர் ஸ்டோருக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். நம் ஆளை நிர்வாகத்திடம் காட்டிக்கொடுக்கக் கூடாது, சங்கத்துக்குள்ளேயே பேசிச் சரிசெய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவனைக் கூப்பிட்டுப் பேசினேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினான். ஒரு வாரம் ஒழுங்காக நின்றான்.

அடுத்த மாதமே சாக்கின் மேல் தூங்கியவனை டீமேக்கர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். தோட்டத்து மனேஜரான துரை அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். தோட்டமே கொதித்தது. நிர்வாகம் பழிவாங்குகிறது என்று நான் கடிதம் எழுதினேன். 'கடமை நேரத்தில் இவர் தமது இடத்தை விட்டு அகன்றதாக இதுவரை எவரும் முறையிட்டதில்லை' என்ற வரியும் அதில் இருந்தது. அதைத் தயங்காமல்தான் எழுதினேன். சங்கம் என்றால் இதுதான் என்று நினைத்திருந்தேன். மூன்று வாரத்தில் அவன் திரும்ப வேலைக்கு வந்தான். ஸ்டோர் வாசலில் எனக்கும் மாலை போட்டார்கள். அந்தப் பெண் உள்ளே கொழுந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் நாட்டில் பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை வந்தது. கரண்டை மணிக்கணக்கில் வெட்டினார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ஒரு நாள் மத்தியானம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் நின்றது. உள்ளே சிக்கிய கொழுந்து அப்படியே கிடந்தால் புளித்துவிடும். அவள் கையை விட்டு அதைத் தோண்டி எடுக்கத் தொடங்கினாள்.

சுவிட்ச் அமர்த்தப்படவில்லை. அவன் அங்கே இல்லை.

நான் சல்லடைப் பக்கம் இருந்தேன். கரண்ட் வந்து மெஷின்கள் ஒன்றாக உறுமிய சத்தம் முதலில் கேட்டது. அடுத்தது அவளுடைய சத்தம். ஓடிப்போய் சுவிட்சை அமர்த்தியது நான்தான். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. லொறியில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அமத்திட்டுத்தான் போயிருப்பாருன்னு நெனச்சேன் அண்ணே."

அவன் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருக்கிறான். பொழுது சாயக் கேனோடு வந்தவன் விஷயத்தைக் கேட்டதும் கேனைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு தினமும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாளாம்.

அனுமதியில்லாமல் மெஷினுக்குள் கை விட்டது அவளுடைய பிழை என்றது நிர்வாகம். விபத்து விசாரணையைக் கண்டியில் வைத்தார்கள். மெஷினுக்கு மூடி இல்லை, ஜெனரேட்டர் ஓடவில்லை, அதை மட்டும் பேசு, நம் ஆள் இல்லாததைப் பேசாதே என்று சங்கக் காரியாலயத்தில் சொன்னார்கள். மூடி இல்லாததும் உண்மைதான். நானும் சரி என்றுதான் வந்தேன். ஆனால் விசாரணைக்கு முதல்நாள் அவளைப் பார்க்கப் போனபோது கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "நடந்தத சொல்லுங்க, அது போதும்" என்றாள்.

சொன்னேன். துணைக்கு நிற்கவேண்டிய ஆள் அன்று மட்டுமல்ல, பல நாளாக அங்கே நிற்கவில்லை என்றேன். நிர்வாகத்தின் சார்பில் வந்தவர் கோப்பிலிருந்து என் கடிதத்தை எடுத்து, அந்த வரியை நிதானமாக வாசித்தார்.

"இது உங்க கையெழுத்துதானே? இது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

கடிதம்தான் பொய் என்றேன். தேவைக்கேற்றபடி எழுதுகிறவரின் சாட்சியத்தை எப்படி ஏற்பது என்று அவர் கேட்டார். கடைசியில், தொழிலாளியின் கவனக்குறைவு என்றே முடிவாயிற்று.

அதோடு அவளை வீட்டுக்கு அனுப்பத்தான் துரை நினைத்திருந்தார். நடக்கவிடாமல் தடுத்தது சங்கம்தான். கண்டியிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து பேசி, பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வாங்கிக்கொடுத்தார்கள். சங்கம் இல்லாத தோட்டமாக இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. நான் இன்றைக்கும் யாரிடமும் சங்கத்தை விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

தலைவர் பதவியிலிருந்து விலகினேன். அதை ஏதோ பரிகாரம் மாதிரி அவளிடம் போய்ச் சொன்னேன். ஒரு குழந்தையை இடது கையால் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க வெலகினா எனக்கு என்னாகப் போவுது? எடத்த காலி பண்ணிட்டு வந்திருக்கீங்க. இனி யாரு வருவாங்கன்னு யோசிச்சீங்களா?"

நான் யோசித்திருக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அவனைத் தலைவராகத் தெரிவு செய்தார்கள். எதிர்த்து யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. தலைவர் என்பதால் இப்போது அவன் ஸ்டோருக்குள் நிற்கவேண்டியதே இல்லை, சங்க வேலையாகப் போகிறேன் என்று சொன்னால் போதும்.

அவளுடைய இடத்தில் வேறொரு பெண்ணைப் போட்டார்கள். தலைவருக்குப் பதிலாக அள்ளுகிற வேலைக்கு யாரையும் போடவில்லை. நான் தோட்டத்தை விட்டு வரும்வரை அந்தப் புதுப் பெண் அந்த மெஷினில் தனியாகத்தான் நின்றாள்.