தம்பி பெரிய பிள்ளையாகப் பிறந்தான்

தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குத் தாகம் அடங்கவே இல்லை. அப்பாவுக்கு, மாடும் குதிரையும் வளர்த்த மத்திகிரி கால்நடைப் பண்ணையில் மாடு பார்க்கும் வேலை. பண்ணையை ஒட்டியிருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். நான் கிணற்றிலிருந்து குடத்தைக் கொண்டுவந்து இறக்கி, நனைந்த கையைத் துடைப்பதற்குள் அம்மா சொம்பை உள்ளே விட்டுவிடுவாள். கொல்லையில் அவள் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது. அதைப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் நீரிழிவு என்பது உட்கார்ந்து தின்னும் வயசான பணக்காரர்களுக்கு வருவது என்றுதான் அப்போது நினைத்தார்கள். களி தின்று வேலை செய்கிற இளம்பெண்ணுக்கு அது வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தம்பி பிறந்தபோது வெந்நீர் போட்டுக்கொடுத்தவள் பக்கத்து வீட்டு அக்கா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கணவர் பண்ணையில் வண்டி ஓட்டினார். குழந்தை இல்லை. அவள்தான் தம்பியை முதலில் கையில் வாங்கினாள். கன்னம் உப்பி, கையும் காலும் மடிப்பு மடிப்பாக, பல மாதம் வளர்ந்த பிள்ளைபோல இருந்தான்.

"இத்தினி பெரிய பிள்ளையா தங்கச்சி? நான் எங்கியும் பாத்ததில்ல" என்றாள்.

அம்மா அன்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது.

சில நாட்களில், பால் குடிக்கும்போது தம்பியின் உதடு நாவற்பழம் தின்றதுபோல நீலமாகத் தொடங்கியது. அழுதால் நகமும் நீலமானது. கண் பட்டுவிட்டது என்றார்கள். யார் கண் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அம்மா மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். பிறகு பக்கத்து வீட்டுப் பக்கம் இருந்த சன்னலைச் சாக்குப்படுதாவால் மூடினாள். அந்த அக்கா கிணற்றுக்கு வரும் நேரம் பார்த்து மற்றப் பெண்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அவள் தலையைக் குனிந்தபடி தண்ணீர் சேந்திக்கொண்டு போவாள்.

தம்பி நடக்கத் தொடங்கினான். கொஞ்ச தூரம் நடந்ததும் குந்திவிடுவான். முழங்காலை மார்போடு சேர்த்து, தலையைச் சாய்த்து, மூச்சு வாங்குவான். பிறகு எழுந்து வருவான். எங்கள் வரிசைப் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்து, அவன் குந்தினால் தாங்களும் குந்தினார்கள். அவனுக்கு அதில் சந்தோஷம்.

மத்தியானத்தில் அவன் தூங்கும்போது அம்மா அவன் மார்பில் காது வைத்துக் கேட்பாள். ஒருநாள் என்னையும் கேட்கச் சொன்னாள். துடிப்புக்கு நடுவில், முறத்தில் கேழ்வரகு புடைப்பதுபோல ஒரு சரசரப்பு இருந்தது. என் மார்பிலும் அப்படிக் கேட்கிறதா என்று அம்மா என் சட்டையைத் தூக்கிக் காது வைத்துப் பார்த்தாள். இல்லை. நெடுநேரம் காதை எடுக்காமல் இருந்தாள்.

அவனுக்கு நான்கு வயதானபோது பெங்களூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனோம். அம்மா மறுபடியும் கர்ப்பமாக இருந்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் தம்பியைப் பார்த்துவிட்டு, இதயத்துக்குள் ஓட்டை இருக்கிறது, இங்கே அதற்கு வைத்தியம் இல்லை என்றார். பிறகு அம்மாவைத் தாகத்தைப் பற்றிக் கேட்டார். அம்மாவின் சிறுநீரை ஒரு நீலத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சினார்கள். அது செங்கல் நிறமாகியது; சிறுநீரில் சர்க்கரை இருக்கிறது என்றார்கள்.

டாக்டர் கன்னடத்தில் பேசினார். எங்களுக்குப் புரியும். தாயின் ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் பிள்ளை பெரிதாக வளரும், சில பிள்ளைகளுக்கு இதயம் சரியாக உருவாகாமலும் போவதைப் பார்த்திருக்கிறோம், காரணம் முழுசாகத் தெரியாது, ஆனால் இது யாருடைய கண்ணும் அல்ல, உன் தப்பும் அல்ல என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார்.

அம்மா வயிற்றைத் தொட்டுக்கொண்டு, இதற்கும் அப்படி ஆகுமா என்று கேட்டாள்.

"இதயம் ஆரம்பத்திலேயே உருவாகிவிடும் அம்மா. நீ கர்ப்பம் என்று உனக்கே தெரியும் முன்னால். பிறந்த பிறகுதான் சொல்ல முடியும்."

திரும்பும் பஸ்ஸில் தம்பி அப்பாவின் மடியில் தூங்கினான். அத்திப்பள்ளி தாண்டியதும் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "கண்ணுன்னா அது வெளியில இருந்து வந்தது. கதவச் சாத்தலாம். இது எனக்குள்ளயே இருந்துக்குதே."



மழைக்காலத்துக்கு முன்பே தம்பி போய்விட்டான். பண்ணை வேலியோரம் குதிரைக்குட்டிகளைப் பார்க்க நான்தான் கூட்டிப்போயிருந்தேன். வெயில் இதமாக இருந்தது. வழக்கம்போல குந்தினான். வழக்கம்போல நான் காத்திருந்தேன். ஒரு குட்டி வேலியருகே வந்து அவனை மோந்து பார்த்தது. அவன் சிரிக்காததால்தான் நான் குனிந்து பார்த்தேன்.

அவனுக்குப் பிறகு அம்மாவின் தட்டில் சோறும் வெல்லமும் இல்லை. கடைசி மாதங்களில் பெங்களூர் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து, சர்க்கரைக்கு ஊசி போட்டார்கள். தங்கை பிறந்தாள். சின்னப் பிள்ளை. சிவப்பு உதடு. டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சத்தம் சுத்தமாக இருக்கிறது என்றாராம். அம்மா அவரை மூன்று முறை கேட்க வைத்தாளாம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அம்மா தங்கையை எடுத்துக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அந்த அக்கா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அக்கா, எம் மேல கோவமா இருந்தாலும் இவள ஒரு தரம் எடு. ஒன்னால ஒண்ணும் ஆவல. எல்லாம் என் ஒடம்பு. டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

அந்த அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கோவம் இல்ல தங்கச்சி" என்றாள். "நீ சொல்றது நெஜமாவே இருக்கட்டும். ஆனா நாளைக்கு இவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தா, இந்தக் கையாலதானோன்னு நானே என் கையப் பாத்துக்குவேன். என்னால ஆவாது."

அம்மா வெகுநேரம் குழந்தையை நீட்டியபடியே நின்றாள். பிறகு இருவரும் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்கள். அந்த அக்கா குழந்தையைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் அவள் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி, அவர்கள் போய்விட்டார்கள். அதுவரை அவள் தங்கையைத் தொடவே இல்லை.